கலப்பு போக்கர் போட்டிக்கு முதன்முறை செல்வோர் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டில், வெள்ளிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆறேழு பேர் கூடிப் போக்கர் ஆடுகிறோம். மேசையில் காசு வைப்பதில்லை. தோற்றவர் தேநீர் டம்ளர்களைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். அந்த மேசையிலிருந்து மணிலாவில் நடந்த ஹார்ஸ் என்ற கலப்பாட்டப் போட்டி ஒன்றுக்கு நான் போய் வந்த பிறகு, உறவினர்களும் அலுவலக நண்பர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒருசேர எழுதியிருக்கிறேன். எனக்கும் இது தொழில் அல்ல. பகலில் கணக்கெழுதும் வேலை பார்ப்பவன் நான்.

கலப்பாட்டம் என்பது என்ன?

வழக்கமான போக்கர் போட்டியில் முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை டெக்சஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டும் நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் வரும் ஆட்டம்) ஒன்றையே ஆடுவார்கள். கலப்பாட்டத்தில் ஒரே மேசையில், அதே சிப்ஸை (பந்தய வில்லைகளை) வைத்துக்கொண்டு, பல ஆட்டங்களை முறைவைத்து ஆட வேண்டும். மிகப் பரவலானது ஹார்ஸ். ஹோல்டெம், ஒமாஹா ஹை-லோ, ராஸ், ஏழு சீட்டு ஸ்டட், ஸ்டட் ஹை-லோ ஆகிய ஐந்து ஆட்டங்களைக் குறிக்கும் ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்ததால் வந்த பெயர் அது. எட்டு ஆட்டக் கலவை என்று இன்னொன்றும் உண்டு. அதில் இந்த ஐந்தோடு டியூஸ்-டு-செவன் டிரிபிள் டிரா, பாட் லிமிட் ஒமாஹா, நோ லிமிட் ஹோல்டெம் ஆகிய மூன்றும் சேரும்.

இந்த வகைக்குப் பெரிய மதிப்பு வந்தது 2006இல். லாஸ் வேகாஸில் நடக்கும் உலக போக்கர் தொடரில் அந்த ஆண்டு 50,000 டாலர் நுழைவுக் கட்டணத்தில் ஹார்ஸ் போட்டி ஒன்றை முதன்முறையாக வைத்தார்கள். 143 பேர் ஆடிய அதில் சிப் ரீஸ் வென்றார். கடைசி இருவர் மோதல் மட்டுமே ஏழு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. வேடிக்கை என்னவென்றால், தொலைக்காட்சிக்காக அந்த இறுதி மேசையை முழுக்க நோ லிமிட் ஹோல்டெமாகவே ஆடினார்கள். ரீஸ் 2007இல் காலமானார். கோப்பைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2010இல் போட்டி எட்டு ஆட்டக் கலவையாக மாறியது. அந்த ஆண்டு வென்ற மைக்கேல் மிஸ்ராச்சி பிறகு 2012, 2018, 2025 ஆகிய ஆண்டுகளிலும் வென்றிருக்கிறார்.

எனக்கு ஹோல்டெம் மட்டும்தான் தெரியும். இப்படிப் போனால் அவமானப்படுவேனா?

மாட்டீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலரும் உங்களைப் போன்றவர்கள்தான். ஹோல்டெமில் புலியாக இருப்பவர் ராஸ் வந்ததும் பூனையாகிவிடுவதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஐந்திலும் சுமாராக ஆடத் தெரிந்தவருக்கு, ஒன்றில் மட்டும் கைதேர்ந்தவரைவிட மேசையில் அதிக நேரம் இருக்கை கிடைக்கும்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. ஹார்ஸ் முழுவதும் லிமிட் முறையில் நடக்கிறது. அதாவது ஒரு சுற்றில் எவ்வளவு பந்தயம் கட்டலாம் என்பது முன்பே வரையறுக்கப்பட்டிருக்கும். 200–400 என்ற பந்தய நிலையில் ஒரு ஸ்டட் கையை, அதாவது ஒருமுறை சீட்டுப் போட்டு முடிக்கும் ஆட்டத்தை, கடைசிவரை ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு சுற்றுகளில் ஒவ்வொன்றுக்கும் 200, அடுத்த மூன்றுக்கும் 400 வீதம், யாரும் மேலே ஏற்றாவிட்டால் மொத்தம் 1,600 போகும். கையில் 10,000 இருக்கும்போது அது வலிக்கும், ஆனால் எழுந்து போக வேண்டியதில்லை. பந்தயத்துக்கு வரம்பே இல்லாத நோ லிமிட்டில் அதே தவறுக்கு முழுச் சிப்ஸும் போய்விடும். அதனால்தான் முதல் போட்டிக்கு எட்டு ஆட்டக் கலவையை விட்டுவிட்டு ஹார்ஸைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்கிறேன்.

ஆட்டம் மாறுவது எப்படித் தெரியும்?

சில போட்டிகளில் எட்டு கைகளுக்கு ஒருமுறை மாறும். சிலவற்றில் பந்தய நிலை உயரும்போது மாறும். சீட்டுப் போடுபவர் வாயால் அறிவிப்பார், அவர் பக்கத்தில் ஆட்டத்தின் பெயர் எழுதிய சிறு பலகை ஒன்றும் இருக்கும். இவ்வளவு இருந்தும் தவறுகிறோம் என்பதுதான் விஷயம்.

என் கதையைச் சொல்கிறேன். மணிலாவில் மூன்றாவது மணி நேரம். ஒமாஹாவில் ஒரு பெரிய பாட்டை (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையை) பறிகொடுத்த எரிச்சலில் இருந்தேன். அடுத்து மூன்று சீட்டுகள் வந்தன, இரண்டு மூடியும் ஒன்று எல்லோரும் பார்க்கத் திறந்தும். மூடிய இரண்டும் ராஜா. மனம் குளிர்ந்து பந்தயத்தை ஏற்றினேன், மீண்டும் ஏற்றினேன். எதிரில் இருந்த பெரியவர் என் முகத்தையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். ஆட்டம் ராஸ். அதில் மிகத் தாழ்ந்த கைதான் (சீட்டுச் சேர்க்கைதான்) வெல்லும். இரண்டு ராஜா என்பது குப்பை. ஐந்தாவது சீட்டில்தான் பலகை என் கண்ணில் பட்டது. அதற்குள் மூன்று மணி நேரம் பொறுமையாகச் சேர்த்ததில் கால்பங்கு போயிருந்தது.

எனக்கு ராஸ் விதிகள் தெரியாமல் இல்லை. தலை இன்னும் ஒமாஹாவிலேயே இருந்தது. அமெச்சூர்கள் கலப்பாட்டத்தில் இழக்கும் சிப்ஸில் பெரும்பகுதி இப்படி ஆட்டம் மாறிய முதல் ஓரிரு கைகளில்தான் இழக்கப்படுகிறது என்பது என் துணிபு. இப்போது எங்கள் வெள்ளிக்கிழமை மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: ஆட்டம் மாறியதும் சீட்டைத் தொடும் முன் ஒவ்வொருவரும் ஆட்டத்தின் பெயரையும் எந்தக் கை வெல்லும் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருக்கும். போட்டியில் அதையே மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

ராஸ் ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க முடியுமா? யாரும் சரியாகச் சொல்வதில்லை.

ஏழு சீட்டுகளில் மிகத் தாழ்ந்த ஐந்தை அமைப்பவருக்கு வெற்றி. ஏஸ் இங்கே ஒன்றாக, அதாவது மிகச் சிறியதாகக் கொள்ளப்படும். வரிசையும் ஒரே இனமும் கணக்கில் வராது. ஆகவே ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஏஸ் என்பதுதான் உச்சக் கை. சோடி விழுந்தால் கெடுதல். திறந்த சீட்டு யாருக்கு மிக உயர்வாக இருக்கிறதோ அவர் முதல் கட்டாயப் பந்தயத்தைப் போட வேண்டும். சாதாரண ஸ்டட்டில் இது தலைகீழ். அங்கே தாழ்ந்த சீட்டுக்காரர் போடுவார்.

தொடக்கத்தில் எட்டு அல்லது அதற்குக் கீழே மூன்று வெவ்வேறு சீட்டுகள் இருந்தால் ஆடலாம். மூன்று சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 22,100. அவற்றில் இப்படி அமைபவை 3,584. ஏறக்குறைய ஆறு கைக்கு ஒன்று. ஆக, ராஸ் வரும்போது ஆறில் ஐந்து முறை ஃபோல்ட் செய்துவிட்டு, அதாவது சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டு, சும்மா இருப்பது தவறில்லை, அதுதான் ஆட்டம். எல்லோரும் ஃபோல்ட் செய்த பிறகு உயர்ந்த சீட்டுக்காரர் மட்டும் எதிரில் மிஞ்சினால், சற்று மோசமான கையோடும் ஏற்றிப் பார்க்கலாம்.

மற்றவர்களின் திறந்த சீட்டுகளை எல்லாம் நினைவில் வைக்க வேண்டுமாமே?

வேண்டும். கலப்பாட்டத்தில் நம் ஆட்களுக்கு இயல்பாகக் கைவரக்கூடிய திறமை இதுதான் என்று நினைக்கிறேன். என் பெரியப்பா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். யாழ்ப்பாணத்து வழக்கப்படி முன்னூற்று நான்கு என்ற சீட்டாட்டம் ஆடுவார். மேசையில் விழுந்த சீட்டு ஒன்றைக்கூட மறக்காமல், "ஸ்பேட் ஒன்பது இன்னும் வரவில்லை, உன்னிடம்தான் இருக்கிறது" என்று விரலை நீட்டுவார். ஹோல்டெம் மட்டும் ஆடிப் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை, ஏனென்றால் அங்கே ஃபோல்ட் செய்த சீட்டு யாருக்கும் தெரியாது.

ராஸ் உள்ளிட்ட ஸ்டட் வகைகளில் எட்டுப் பேர் உட்கார்ந்தால், முதல் சுற்றிலேயே உங்கள் மூன்று சீட்டும் மற்றவர்களின் ஏழு திறந்த சீட்டும் தெரியும். 52இல் 10 போக, தெரியாதவை 42. இந்த 42தான் கணக்கின் அடித்தளம். ஸ்டட்டில் உங்களிடம் மூன்று ஆட்டின் (ஹார்ட்ஸ்) இருந்தால் இன்னும் பத்து ஆட்டின் வெளியே இருக்க வேண்டும். ஆனால் எதிரில் நான்கு ஆட்டின் திறந்து கிடந்தால் மிச்சம் ஆறுதான். அழகான கையாகத் தோன்றினாலும் கீழே போட்டுவிடலாம்.

ராஸில் இதே கண்ணை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும், இதைத்தான் புதியவர்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். உங்களிடம் ஏழு, நான்கு, இரண்டு இருக்கின்றன. எதிரில் திறந்து கிடப்பவை: ஏழில் இரண்டு, நான்கில் ஒன்று, இரண்டாம் எண் சீட்டில் இரண்டு, ஒரு ராஜா, ஒரு ராணி. ஸ்டட்டாக இருந்தால், உங்கள் சீட்டுகள் செத்துவிட்டன என்று வருந்துவீர்கள். ராஸில் மகிழ வேண்டும். உங்களுக்குச் சோடி விழவைத்துக் கெடுக்கக்கூடிய ஒன்பது சீட்டுகளில் ஐந்து போய்விட்டன. உங்களுக்குத் தேவையான ஏஸ், மூன்று, ஐந்து, ஆறு, எட்டு ஆகிய இருபதும் அந்த 42க்குள் முழுதாக இருக்கின்றன. இதே கைக்கு எதிரில் ஏஸில் ஒன்று, மூன்றாம் எண் சீட்டில் இரண்டு, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, எட்டில் இரண்டு என்று கிடந்தால், தேவையானவை பதின்மூன்றாகக் குறையும், கெடுக்கும் ஒன்பதும் அப்படியே உயிரோடு இருக்கும். கையிலிருக்கும் மூன்று சீட்டுகள் ஒன்றேதான். ஆனால் முன்னதை ஏற்றி ஆடுவேன், பின்னதை யோசித்துத்தான் தொடுவேன்.

பழகுவதற்கு எளிய வழி: மாமாக் உணவுக்கடையில் தே தாரே தேநீர் வரும் வரை ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஏழு சீட்டைத் திறந்து பார்த்து, கவிழ்த்துவிட்டு, சிறியதிலிருந்து பெரியதாகச் சொல்லிப் பாருங்கள். வந்த வரிசையில் நினைவில் வைப்பதைவிட அளவு வரிசையில் வைப்பது நிற்கும்.

ஒமாஹா ஹை-லோவில் வென்றும் சிப்ஸ் குறைகிறதே, ஏன்?

அங்கே பாட் இரண்டாகப் பிரியும். உயர்ந்த கைக்குப் பாதி, தாழ்ந்த கைக்குப் பாதி. தாழ்ந்த கை தகுதிபெற ஐந்து சீட்டுகளும் வெவ்வேறாகவும் எட்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். கையிலிருந்து சரியாக இரண்டும் மேசை நடுவில் திறக்கும் பொதுச் சீட்டுகளிலிருந்து சரியாக மூன்றும் எடுக்க வேண்டும் என்பதால், நடுவில் எட்டுக்கு உட்பட்ட மூன்று வெவ்வேறு சீட்டுகள் விழாவிட்டால் தாழ்ந்த கை என்ற பேச்சே இல்லை.

இப்போது மூவர் ஆளுக்கு 400 போட்டு 1,200 சேர்ந்திருக்கிறது. உங்களிடம் ஏஸ்-இரண்டு, மிகச் சிறந்த தாழ்ந்த கை. ஆனால் இன்னொருவரிடமும் அதே ஏஸ்-இரண்டு. மூன்றாமவர் உயர்ந்த பாதியான 600ஐ எடுத்துக்கொள்ள, நீங்கள் இருவரும் 300 வீதம் பிரித்துக்கொள்கிறீர்கள். போட்டது 400, வந்தது 300. இதை உணராமல் ஏற்றிக்கொண்டே போவார்கள். ஏஸ்-இரண்டை மட்டும் நம்பாமல், அதோடு உயர்ந்த பாதிக்கும் வழி இருக்கும் கைகளையே ஆடுங்கள்: கூடவே ஒரு மூன்று, அல்லது ஏஸுக்கு அதே இனத்தில் துணை. ஏழு, எட்டு, ஒன்பது என்ற நடுத்தரச் சீட்டுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

லிமிட் ஆட்டத்தில் ஏமாற்று பந்தயம் பலிக்குமா?

குறைவாகத்தான். ஒரு பந்தயம் மட்டும் கூடுதலாகக் கேட்டால், பெரிய பாட்டைப் பார்த்தவர் விலகமாட்டார். எதிராளியின் திறந்த சீட்டு மோசமாக விழும்போது மட்டும் முயலுங்கள். ஸ்டட் வகைகளில் ஐந்தாவது சீட்டில் பந்தயம் இரட்டிப்பாகிறது; அங்கே பின்தங்கியிருந்தால் விலகிவிடுவது நல்லது. நான்காவது சீட்டு வரை வந்தாயிற்றே என்ற தயக்கம்தான் மிகுந்த செலவு வைக்கும்.

மலேசியாவில் எங்கே ஆடலாம்? சட்டச் சிக்கல் வருமா?

இங்கே சூதாட்டத்தை 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உரிமம் பெற்ற கேசினோ கெந்திங் மலையில் இருப்பது ஒன்றே. 21 வயது நிரம்பாதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அங்கே அனுமதி இல்லை. நண்பர் வீட்டில் சிறு தொகை வைத்து ஆடினால் என்ன என்று கேட்பவர்கள் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளட்டும். எங்கள் மேசையில் பணம் வராது என்பதால் அந்தக் கேள்வியும் எழுவதில்லை. காசில்லாவிட்டால் ஆட்டத்தில் சூடு இருக்காது என்பார்கள். டம்ளர் கழுவ மறுத்து இரவு ஒரு மணிக்கு வாதாடுபவர்களைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

போட்டிக்கு வெளிநாடு போக வேண்டும். நான் மணிலாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரு நாடுகளுக்கும் கடிகாரம் ஒன்றே, தூக்கம் கெடாது. அங்கும் கேசினோவுக்குள் நுழைய 21 வயது வேண்டும். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

தொகையை நான் சொல்ல முடியாது, முறையைச் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம், விமானச் சீட்டு, தங்குமிடம் மூன்றையும் கூட்டி, அந்தப் பணம் திரும்பாது என்றே எழுதி வையுங்கள். பெரும்பாலான போட்டிகளில் எட்டு அல்லது பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் பரிசு கிடைக்கும். கட்டணத்தில் ஒரு பகுதி பரிசுக்குப் போகாமல் நடத்துபவர்களுக்குப் போகும் என்பதையும் விதித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான பொறி, வெளியேறியவர் மீண்டும் பணம் கட்டி நுழையலாம் என்ற விதி. தோற்ற சூட்டில், ஐந்து நிமிடத்துக்குள் எடுக்கப்படும் முடிவு அது. ஒருமுறைதான் என்று கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். என் மனைவி எனக்கு விதித்த நிபந்தனையும் அதுவே: தீபாவளிக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடக்கூடாது, வங்கி அட்டையை அறையிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டாவது நிபந்தனை அவமானமாகத் தோன்றியது. மாலை ஆறு மணிக்கு அதன் அருமை புரிந்தது.

மேசையில் தமிழில் பேசலாமா?

கை நடந்துகொண்டிருக்கும்போது கூடாது. ஆங்கிலம் அல்லது நடத்துபவர்கள் அறிவித்த மொழியில்தான் பேச வேண்டும் என்பது பொதுவான விதி. அடுத்தவருக்குப் புரியாத மொழியில் இருவர் பேசினால் கூட்டுச் சேர்கிறார்கள் என்ற ஐயம் வரும், நியாயமான ஐயம்தான். என்னோடு வந்த நண்பர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டார். நடுவர் வந்து இருவரையும் எச்சரித்தார். அப்போது என் கையில் சீட்டு இருந்தது, அவர் மேல் குற்றமில்லை. பசியாறுவதைப் பற்றி இடைவேளையில் பேசிக்கொள்ளுங்கள்.

உடலுக்கு என்ன தயாரிப்பு?

கெட்டியான மேற்சட்டை. குளிரூட்டி கொல்லும். பத்து மணி நேரம் வரை உட்கார வேண்டியிருக்கும். ஸ்டட் வகைகளில் ஒவ்வொரு கையும் நீளமாக நடப்பதால் நேரம் போவதே தெரியாது.

சரி, பரிசு வாங்கினீர்களா?

இல்லை. பரிசு வரிசைக்குச் சற்று வெளியே முடிந்தது. அதுவும் ராஸ்தான். ஐந்தாவது சீட்டிலேயே எனக்கு எட்டு, ஆறு, நான்கு, மூன்று, ஏஸ் அமைந்துவிட்டது. எதிராளிக்கு வெளியே ஏழு, இரண்டு, ஜாக்கி. மிச்சமிருந்த சிப்ஸ் முழுவதையும் வைத்தேன். அவரும் கட்டி, மூடியிருந்த ஏஸையும் மூன்றையும் காட்டினார். என்னை முந்த அவருக்கு நான்கோ ஐந்தோ ஆறோ வேண்டும். கட்டிலுள்ள நான்கு ஐந்துகளில் மூன்றை முதல் சுற்றிலேயே மற்றவர்களிடம் கண்டு கணக்கு வைத்திருந்தேன், ஆகவே ஐந்தில் ஒன்றுதான் பாக்கி என்று நிம்மதியாக இருந்தேன். அவருக்கு ஆறாவது சீட்டு ராணி. ஏழாவதாக டைமன் ஐந்தைத் திருப்பினார்.

விமான நிலையத்தில் காத்திருந்தபோது அந்தக் கையை மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். முதல் சுற்றில் ஃபோல்ட் ஆனவை இரண்டு ஐந்தும் ஒரு ஆறும்தான். ஆறை ஐந்தாக எண்ணிவிட்டிருக்கிறேன். சரியாக எண்ணியிருந்தாலும் அந்தக் கையை அப்படியேதான் ஆடியிருப்பேன். பெரியப்பாவிடம் மட்டும் இதை இன்னும் சொல்லவில்லை.